ஒரு வருகைப் பாடல்

போன ஞாயிற்றுக்கிழமை, பூசை தொடங்க எல்லோரும் எழுந்து நின்றபோது, பீடத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் திரையில் அந்தப் பாட்டு வந்தது. ‘வாரேன் சாமி வாரேன், வாசக் கதவத் தெறந்து வையும், வாரேன்.’ கீபோர்டுக்காரர் அதற்குக் கல்யாண ஊர்வலத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கீழே சிறிய எழுத்தில், இயற்றியவர் பெயர் தெரியவில்லை என்று இருந்தது. ஓய்வுபெறும்வரை அரசாங்கக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ‘தெரியவில்லை’ என்றால் பெரும்பாலும் ‘யாரும் கேட்கவில்லை’ என்றுதான் பொருள். என்னையும் யாரும் கேட்கவில்லை.

எழுதியவர் எங்கள் பங்குச் சாமியார்; பங்கு என்றால் எங்கள் கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த சனம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் வந்தவர். நான் அப்போது சேலம் மாவட்டக் காவல் அலுவலகத்தில் வெளிநாட்டவர் பதிவைக் கவனிக்கும் இளம் எழுத்தர். வெள்ளைக்காரர் என்றால் எங்கள் மேசைக்கு வந்துதான் ஆகவேண்டும். ஆறடி உயரம், வெள்ளை அங்கி, நெஞ்சுவரை தாடி. ஆங்கிலத்தில் வரவேற்க ஒரு வாக்கியத்தை நான் தயார்செய்து வைத்திருந்தேன். அவர் கும்பிட்டபடி, “ஏனுங்க சாமி, ஊட்ல எல்லாருஞ் சௌரியந்தானுங்களா?” என்றார். என் வாக்கியத்தை விட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன். முதலில் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தவராம். கடலைக்காட்டில் களையெடுப்பவர்களிடம் தமிழ் கற்றிருக்கிறார். எங்கள் பியூனும் அவருக்குச் சாமிதான், மேலதிகாரியும் சாமிதான், வாசலை மறித்து நின்ற எருமையும் சாமிதான்.

பிரான்ஸ் நாட்டுச் சபை அனுப்பியவர் என்பதால் ஊர் அவரைப் பிரெஞ்சுக்காரர் என்றது. பிறந்தது ஸ்பெயினில் என்று என் பதிவேடு சொன்னது. இரண்டையும் அவர் மறுப்பார். ஸ்பெயினின் ஒரு மூலையில் தனி மொழி பேசும் இனத்தவர் அவர்; “நான் கத்தலானுங்க” என்பார். பாடகர் குழுவை நடத்திய டீச்சரக்கா, அதை முதன்முதலில் கேட்டபோது முகம் கோணாமல் சொன்னார்: “எங்கீங்க சாமி கத்தறீங்க? நல்லாத்தானே பாடறீங்க.” சாமியார் தரையில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எங்க ஊரு சர்க்காரும் அதையேதானுங்க சொல்லுது. அந்தப் பாசையில கத்தாதேன்னு” என்றார். ஒரு மொழியில் பாடக்கூடாது என்று எந்த அரசாங்கமாவது சொல்லுமா? வேடிக்கை என்று நினைத்து நாங்களும் சிரித்தோம்.

‘வாரேன்’ பாட்டை அவரே எழுதி, மெட்டும் போட்டார். எங்கள் உபதேசியாருக்கு, அதாவது ஞானோபதேசம் கற்பித்துக் கோயில் காரியங்களைக் கவனித்தவருக்கு, அதில் ஒரே ஒரு குறை. “ஆண்டவரப் போயி தெறந்து ‘வையி’ங்கலாமுங்களா? புள்ளைகள வெரட்டறாப்புல இருக்குது. ‘வையும்’னு போடுங்க.” எந்தத் திருத்தத்துக்கும் தலையாட்டும் மனிதர், அந்த ஓர் எழுத்துக்கு மட்டும் அசையவில்லை. “அது ‘வையி’தானுங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். மக்கள் அவருக்கு எதிரே ‘வையும்’ என்றே பாடினார்கள். வாரேன் என்று தொடங்குவதால் அது, குரு பீடத்துக்கு வரும்போது பாடும் வருகைப் பாடல் என்றும் முடிவாகிவிட்டது.

லத்தீன் பூசை தமிழுக்கு மாறிய காலத்தில், ஒரு ஞாயிறு காலை, அவர் பெரிய வாசலிலிருந்து பீடத்தை நோக்கி நடக்க, நாங்கள் அதைப் பாடிக்கொண்டிருந்தோம். பெண்கள் பக்கத்தில் கடைசியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்றிருந்தாள். ஜங்ஷனிலிருந்து நேரே குதிரை வண்டியில் வந்திறங்கியவள், காலடியில் பெட்டி. முப்பது வயதிருக்கும். திடீரென்று அவளும் பாட ஆரம்பித்தாள். அதே மெட்டு, வேறு மொழி. சன்னமான குரல் இல்லை. சந்தையில் நின்று பாடிப் பழகிய குரல். எங்கள் பாட்டு ஒவ்வொரு வாயாக அடங்கியது. டீச்சரக்காவின் கை ஆர்மோனியத்தில் அப்படியே நின்றது. நடுவழியில் சாமியார் நின்றார். திரும்பவில்லை. அவள் கடைசி அடிவரை தனியாகப் பாடி முடித்தாள். பிறகு அவர் பீடத்துக்குப் போய், ஒரு சொல் பிசகாமல் பூசையை முடித்தார். எனக்கு இன்றும் அதிர்ச்சி தருவது அதுதான். இறுதி ஆசீர் கொடுத்த கையைக் கீழே இறக்காமலே சொன்னார்: “அது எம்பட புள்ளைங்க.”

உபதேசியார் தூணைப் பிடித்துக்கொண்டார். மனைவியை இழந்தவராயிருந்தால் குருப்பட்டம் பெறத் திருச்சபைச் சட்டத்தில் தடையில்லை, மேலிடத்துக்குத் தெரிந்திருந்தால் போதும், நமக்குச் சொல்லவேண்டிய அவசியமில்லை என்று வெளியே வந்ததும் அவருக்கு விளக்கினேன். “சட்டங் கெடக்குதுங்க. சாமியாருக்குப் புள்ளைன்னு ஊட்ல போயி எப்படிச் சொல்றது?” என்றார். அதற்கு விதி எதுவும் இல்லை.

சாமியார் பங்களா வராந்தாவில் அன்று அவரே எல்லாம் சொன்னார். நம் ஜலகண்டாபுரம் மாதிரி, தறிச் சத்தத்தோடு விடியும் ஊரில் பிறந்தவர். சாராயக் கடைகளிலும் நெசவாளர் விழாக்களிலும் சொந்தப் பாட்டுகளைப் பாடிப் பிழைத்தவர். ஆலைத் தொழிலாளிகள் வாயில் அவர் பாட்டுத்தானாம். இசைத்தட்டுகூட ஒன்று வந்ததாம். உள்நாட்டுச் சண்டையில் தோற்ற பக்கத்துக்காகப் பாடியவர். ஜெயித்தவர்கள் ஊருக்குள் நுழையுமுன் மலை தாண்டிப் பிரான்சுக்கு ஓடவேண்டியிருந்தது. வாசலில் நின்ற சின்னப் பெண்ணிடம் “ஆரா பிங்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இதோ வருகிறேன் என்று அர்த்தம், கிளம்பும்போது சொல்வது. பின்னால் குண்டு விழுந்து வீடு இடிந்ததாகச் சேதி வந்தது. மனைவி இறந்தது உண்மை. பிள்ளையும் போய்விட்டது என்று நம்பித்தான் பிரான்சில் குருவானார்; அக்கம்பக்கத்தாரோ அவளை வளர்த்திருக்கிறார்கள்.

“இந்த நாட்டுக்கு வந்த புதுசுல ஒரு அம்மா, ‘வாரேன் சாமி’ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போச்சுங்க. எனக்கு அழுகை வந்துருச்சு. எம்பட பாசையக் கேட்டாப்புல இருந்துச்சு” என்றார். அந்தச் சாமி ஆண்டவர் இல்லை, வாசலில் நின்ற பிள்ளை என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு தகப்பன் விடைபெறும் பாட்டை இத்தனை வருஷமும் வருகைப் பாடலாகப் பாடியிருக்கிறோம். அது அவளைத் தூங்கவைக்கும் மெட்டாம். சேலத்தில் இருந்த கன்னியாஸ்திரி ஒருவர் பிரான்சுக்குத் திரும்பி, அதை முணுமுணுத்தபோது கேட்டு மெட்டை அடையாளம் கண்ட கத்தலான்கள் வழியாகத்தான் மகள் தேடி வந்திருந்தாள்.

அவள் நிறையப் பேசவில்லை. பேசியதையும் அவரேதான் எங்களுக்குச் சொல்லவேண்டியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “அங்க இப்ப எளவட்டங்க எம்பட பாட்டப் பாடறாங்களாமுங்க, வாசல்ல போலீசு நிக்கறப்பவே. பாதி வார்த்த மறந்துபோயி லாலலான்னு ஓட்டறாங்களாம். அப்பறம்... நீ வாரேன்னு சொன்ன, நாந்தான் வந்தேன், இப்ப நீ வான்னு சொல்லுதுங்க.”

மறுநாள் என் மேசைக்கு வந்தார். “போயிட்டு வர முடியுங்களா சாமி?” நான் விதியைச் சொன்னேன். அவர் எந்த நாட்டுக் குடிமகனும் இல்லை. அகதிகளுக்கான பயண ஆவணத்தில் வந்தவர். திரும்பி வர ஆட்சேபணை இல்லை என்ற முத்திரை டெல்லியிலிருந்து வரவேண்டும். வெளிநாட்டுக் குருக்கள் புதிதாக வருவதை அரசு குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. எழுதிப் போட்டோம். மறுத்துப் பதில் வந்தது. இருப்பவர் இருக்கலாம், போனால் போனதுதான். “அப்பப் போகலாம், வர முடியாதுங்க” என்றார். “ஆமாங்க சாமி.” அந்தப் பதில் கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். “எங்க பாசையிலயும் ‘போறேன்’னு சொல்ல மாட்டமுங்க. உங்க பாசையிலயுஞ் சொல்ல மாட்டீங்க. சட்டத்துல மட்டுந்தான் அந்த வார்த்த இருக்குது.”

போனார். ஆயரின் அனுமதியுடன், முறைப்படி, மகளோடு. ஜங்ஷனில் பங்கே திரண்டு நின்றது. திரும்பி வரமுடியாது என்று அங்கே தெரிந்தவர்கள் அவரும் நானும்தான். டீச்சரக்கா கேட்டார்: “எப்பங்க சாமி திரும்பி வருவீங்க?” பொய் சொல்லி நான் பார்த்திராத மனிதர். அவர் சன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டிக் கும்பிட்டார். “வாரனுங்க.” கூட்டத்துக்கு உயிர் வந்தது. பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. ஊருக்குப் போகிற எவரும் சொல்வதைத்தான் சொன்னார். உபதேசியார் சாகும்வரை பங்களா அறையைப் பெருக்கிவைத்தார்.

சொந்த ஊருக்குள் அவரை விடவில்லை. எல்லைக்கு இந்தப் புறம், பிரெஞ்சுப் பக்கத்து ஊர்களில், அங்கியோடு மேடையேறி மகளுடன் பாடினாராம். மறந்துபோன வரிகளையெல்லாம் இளைஞர்களுக்கு வாயாலேயே திருப்பிக் கொடுத்தாராம். கடைசியாக எங்கள் தமிழ்ப் பாட்டையும் பாடுவாராம். அர்த்தம் தெரியாமல் அந்தச் சனமும் ‘வாரேன், வாரேன்’ என்று சேர்ந்துகொள்ளுமாம். அந்தக் கன்னியாஸ்திரி எழுதித்தான் இதெல்லாம் தெரியும். சாமியார் இறந்த சேதியும் அப்படித்தான் வந்தது.

இப்போதைய குருவானவர் பக்கவாட்டு அறையிலிருந்து வருகிறார்; எல்லோரும் அந்தப் பக்கம் பார்க்கிறார்கள். ஏசி போட்டிருப்பதால் பூசை நேரத்தில் பெரிய கதவைச் சாத்தி வைக்கவேண்டும் என்பது பங்குப்பேரவைத் தீர்மானம். வாசகம் என்னுடையதுதான். போன ஞாயிறு, அந்தப் பாட்டு ஆரம்பித்ததும், நான் எழுந்து போய்க் கதவை ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றேன். திரும்பி வரமுடியாது என்று அவருக்குச் சொன்னவன் நான்தான். அனல் முகத்தில் அடித்தது. திரையில் ‘வையும்’ என்று ஓடியது. நான் ‘வையி’ என்று பாடினேன்.