சொருகிப் பார்க்காமலே வெட்டிய கேபிள்

இன்று காலை எங்கள் தீவில், பத்துபஸ்தியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அதிவேக இன்டர்நெட் இணைப்புக் கொடுக்க ஒருவர் வந்தார்.

சுவருக்குள் ஓடும் நெட்வொர்க் கேபிளைப் பார்த்ததும், "அண்ணே, இது புரானா தார். ஸ்பீட் நஹி ஆயேகா. புதுசுதான் போடணும்" என்று இந்தியும் தமிழுமாகச் சொன்னார். பழைய வயராம், வேகம் வராதாம்.

"முதல்ல சொருகிப் பாருங்க" என்றேன்.

நான் டீ கொண்டுவருவதற்குள் மகள் அறைக்குப் போகும் கேபிளை வெட்டிவிட்டார்.

"புதுசு எங்கே?"

"மெயின்லேண்ட்லேர்ந்து கப்பல் வரணும்ணே."

நாளை அவளுக்கு ஆன்லைனில் வேலைக்கான இன்டர்வியூ.

ஹாலுக்கு வரும் கேபிளும் அதே பழசுதான். அதன் ஒரு முனையைப் புது இணைப்பிலும் மறுமுனையை லேப்டாப்பிலும் சொருகினேன். முழு வேகமும் வந்தது.

அவர் எட்டிப் பார்த்து, "அச்சா, சல்தா ஹை" என்றார், 'சரி, ஓடுதே' என்று சாதாரணமாக. ஒரு மன்னிப்புக்கூட இல்லை.

நாளை அவள் ஹாலில் பேசி முடிக்கும்வரை நாங்கள் எல்லோரும் வாசலில் நிற்க வேண்டும்.

கட்டிங் பிளேயரோடு வருபவருக்கு எந்த மொழியில் சொன்னால் கேட்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.