சவரிமுத்து வண்டியின் இரண்டு ஸ்டட்டுகள்

தெய்வேந்திரன் இறந்த செய்தி வந்தபோது நான் கம்பத்தில் ஒரு வாடிக்கையாளர் வீட்டு வாசலில் கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் போட்டிருந்தேன். அவன் மனைவி, மதினிதான் போனில் பேசினார். "அவுக போயிட்டாக தம்பி. டீயக் கையில வச்சிருக்கையிலயே சாஞ்சிட்டாக." கார்புரேட்டரைத் துடைத்து மாட்டி, வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. உத்தமபாளையம் போய்ச் சேர்வதற்குள் துக்கம் வந்துவிடும் என்று பஸ்ஸில் காத்திருந்தேன். வரவில்லை.

மெக்கானிக் சங்கத்தின் முப்பதாம் நாள் நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்ன செயலாளர், "பதினாறு வருசம் ஒரே பட்டறையில இருந்தவரு நீங்க. நல்லதா நாலு வார்த்த எழுதுங்க பாண்டி" என்றார். அந்த நாலு வார்த்தையை முதலிலேயே எழுதிவிடுகிறேன். தேனியிலிருந்து லோயர் கேம்ப் வரை அவனைப் போல எஞ்சின் பிரிக்க ஆள் கிடையாது. பாக்கியைச் சொன்னால் சங்கத்துக்குப் பிடிக்காது. மதினிக்கும் வலிக்கும்; ஆனால் அவனால் வந்த வலி அவருக்குப் புதிதல்ல.

அவன் நாக்கைத் தெரியாதவர்கள் உங்களில் யாரும் இருக்க முடியாது. கல்யாணமான புதிதில் மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு வந்த ஒரு வாத்தியார், மேட்டில் வண்டி இழுக்கவில்லை என்றார். தெய்வேந்திரன் அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தான். "வண்டி நல்லாத்தான் சார் இருக்கு. லோடத்தான் பாத்து ஏத்தணும்." பக்கத்து டீக்கடை வரைக்கும் சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அந்தப் பெண் அதற்குப் பிறகு எங்கள் தெருப் பக்கம் வந்ததில்லை.

"பொய் சொன்னா மொத தடவையே இறுக்கமாச் சொல்லிப்புடணும்லே. திரும்பத் திரும்ப முறுக்குனா மரை போயிரும்" என்பான். வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அனுமந்தன்பட்டி சவரிமுத்து அண்ணன் தன் பழைய வண்டியைக் கிளட்ச் பிளேட் மாற்றக் கொண்டுவந்தார். அவருடைய மகன் ஐடிஐ முடித்த கையோடு மஞ்சள் காமாலையில் போய் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தப் பையன் கடைசியாகச் செய்த வேலை அதே வண்டியில் இருந்தது. எஞ்சின் கவரைப் பிடித்திருக்கும், தலையில்லாத போல்ட்டுகளான ஸ்டட்டுகள் ஆறும் துருவேறித் தேய்ந்து போயிருக்க, ஆறையும் அவனே கழற்றிப் புதிதாக மாட்டியிருந்தான். "தெனமும் காலையில அதத் தொட்டுப் பாத்துக்கிருவேன் தம்பி. எம் மகன் கை பட்டது" என்றார் அவர்.

கவரைத் திறந்து பார்த்தேன். ஸ்டட் இரும்பு, அது போய் உட்காரும் எஞ்சின் கூடு அலுமினியம். ஒரு இழை கோணலாக ஏற்றினாலும் அலுமினியத் துளைக்குள் இருக்கும் மரை, அந்தத் திருகு வரி, அழிந்துவிடும். பையன் ஆறையும் நூல் பிடித்தது போல ஒரே உயரத்தில் ஏற்றியிருந்தான். எனக்கே பொறாமையாக இருந்தது.

பிளேட்டை மாற்றிக் கவரை மூடும்போது தெய்வேந்திரன் பின்னால் வந்து நின்றான். "என்னலே, பூவா தொடுக்குற? இறுக்கு." ரோஷம் வந்து ஸ்பேனரில் பைப்பைச் செருகி முறுக்கினேன். நட்டு இறுகாமல் சும்மா சுற்றியது. நிறுத்தினேனா? அடுத்ததையும் முறுக்கினேன், அதுவும் சுற்றியது. இரண்டு ஸ்டட்டும் அலுமினிய மரையை உரித்துக்கொண்டு கையோடு வந்துவிட்டன.

சவரிமுத்து அண்ணன் எழுந்து வந்தார். தெய்வேந்திரன் தலையைக்கூடத் தூக்கவில்லை. "ஒம்ம மகன் பாத்த வேலையப் பாரும். கோணலா ஏத்தி மரைய அழிச்சு வச்சிருக்கான். ஐடிஐயில இதத்தான் சொல்லிக் குடுத்தாகளா?" அவர் என்னைப் பார்த்தார். நான் கையில் இருந்த ஸ்டட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "அப்பிடியா தம்பி?" என்று என்னிடம்தான் கேட்டார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

துளையைப் பெரிதாக்கி, உள்ளே புஷ் என்கிற உலோகக் குழாயை அடித்து, வேறு ஸ்டட் போட்டுக் கொடுத்தோம். அவர் அதைத் தொட்டுப் பார்க்காமலே வண்டியை எடுத்துப் போனார். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னான் என்று கொஞ்ச நாள் நம்பினேன். பிறகு நான் தனிப் பட்டறை போடப் போவதாகச் சொன்னபோது, "போயேன். சவரிமுத்துகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறியா, நான் சொல்லட்டா?" என்று சிரித்தான். நான் போகவில்லை.

சாவு வீட்டுக்குச் சவரிமுத்து அண்ணன் மாலையோடு வந்தார். அழுதார். "மூஞ்சிக்கு நேரா உண்மையச் சொன்ன மனுசன் இவரு ஒருத்தருதான். மத்தவுகெல்லாம் எம் மகன் கெட்டிக்காரன்னு ஆறுதலுக்குச் சொன்னாக. சின்னவளும் ஐடிஐக்குப் போறேன்னு ஒத்தக் கால்ல நின்னா. ஒருத்தன் படிச்சுக் கிழிச்சது போதும்னுட்டேன். இப்பத் திராட்சத் தோட்டத்துக்குப் போறா." அங்கே கிடந்தவனை அப்போதுதான் நான் மனதாரத் திட்டினேன். என்னைத் திட்டிக்கொள்ள இன்னும் இரண்டு நாள் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து சவரிமுத்து அண்ணன் வீட்டுக்கு வந்த நேரம் பார்த்துப் போனேன். நடந்ததை அப்படியே சொன்னேன். அவருடைய முகம் கறுத்தது. "செத்தவுக எந்திரிச்சு வந்து மறுத்துப் பேச மாட்டாகன்னுதான இந்தத் தைரியம்?"

"ஒங்க மகனுக்கும் அதத்தாண்ணே செஞ்சோம்" என்றேன்.

"வெளிய போங்க" என்றார்.

மகள் பிலோமினா தெருமுனை வரை பின்னாலேயே வந்தாள். "அண்ணன் ஸ்டட்டு மாட்டுறப்ப டார்ச்சு புடிச்சது நாந்தான். ஒவ்வொண்ணையும் கையாலயே ஏத்தி, இழை புடிச்ச பெறகுதான் ஸ்பேனர் வச்சான். அன்னைக்கே சொன்னேன், அப்பா காதுல வாங்கல. வாயால சொன்னா அவரு நம்ப மாட்டாரு. அச்சுல வந்தா நம்புவாரு. எழுதுவீகளா?"

"எழுதுறேன்த்தா."

"ஒங்க பேரும் அதுல இருக்கணும்."

மதினி என்னை எடுத்துக்கொள்ளச் சொன்ன தெய்வேந்திரனுடைய டூல் பெட்டி அவன் வீட்டிலேயே இருக்கட்டும். அவனுடைய கைத்திறன் எனக்கு வரவில்லை, இனியும் வராது. அவன் சொன்ன பொய்யில் பாதி என்னுடையது. அவனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பாதியைத்தான். அழுவதற்கு அவனுக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சவரிமுத்து அண்ணே, ஆறு ஸ்டட்டையும் உங்கள் மகன் சரியாகத்தான் மாட்டியிருந்தான். இரண்டைக் கெடுத்தவன் நான், உத்தமபாளையம் மெக்கானிக் பாண்டி. ஐடிஐக்கு விண்ணப்பம் கொடுக்க இந்த மாதம்தான் கடைசி. பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள்.