மாசிக் காற்று திரும்பிய நேரம்

பேச்சியம்மாவுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க ஆள் இன்னும் பிறக்கவில்லை என்று பட்டிப்பொலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் கேலி பேசுவார்கள். மாசியில் மழை நின்று மலைச்சரிவில் மானாப்புல் காய்ந்தால், மாடுகளுக்குத் தளிர் வேண்டி அதைக் கொளுத்துவது அவள்தான். புருஷன் கொழும்பில் கடை வேலைக்குப் போனவன். ஒற்றைப் பசுவின் பாலில்தான் மகள் சுலக்ஷனா வளர்ந்தாள்.

அவள் கணக்கு எளிது. விடியலில் குளிர்காற்று மலையிலிருந்து கீழே இறங்கும். அப்போது வைத்தால் நெருப்பும் கூடவே இறங்கி ஓடைக்கரையில் அணைந்துவிடும். வெயில் ஏறி மண் சுட்டதும் காற்று திரும்பி மேலே ஏறும். மேலேதான் தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா இருந்தது.

தொண்ணூற்றிரண்டில் ஒரு நாள், மகளை அங்கே விட்டுவிட்டு அரைநாள் லீவு கேட்க, விடியலில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போனாள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வேண்டுமென்றே கடைசிவரை நிறுத்திவைத்தார். திரும்பி வந்தபோது புல்லில் பனி உலர்ந்துவிட்டது. நாளைக்கு லீவு கிடைக்காது. இலை அசையவில்லை. காற்று திரும்புவதற்கு முன் அப்படித்தான் சற்று ஓய்ந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே குச்சியைக் கிழித்தாள். ஆனைக்கும் அடி சறுக்கும்.

புகை மெல்ல மேலே சாய்ந்தது. பேச்சியம்மா எரியும் புல்லைச் சுற்றிக்கொண்டு, விழுந்தெழுந்து மேலே ஓடினாள்.

பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் ராக்காயி வாசலில் அலறிக்கொண்டிருந்தாள். "எந்தப் பாவி வச்சான் நெருப்ப? தொட்டில் புள்ளைங்களத் தூக்கவே ரெண்டு கை பத்தலையே!"

"புள்ளைங்கள உள்ளயே வைங்கக்கா. இந்த ஓரத்த நாம முந்திக்கிட்டு எரிச்சுட்டா, வர்ற நெருப்புக்குத் திங்க ஒண்ணும் இருக்காது."

பேச்சியம்மா மடியிலிருந்த தீப்பெட்டியை எடுத்தாள். அவசரத்தில் குச்சிகள் ஒடிந்தன. காற்று இதையும் சுவர்ப்பக்கம் தள்ளிவிட்டால்? கடைசியில் ஒன்று பற்றியது. மழைநீர் வடியும் கான் ஓரமாக நெருப்பு வைத்து, ஈரச்சாக்கால் சுவர்ப்பக்கம் வராமல் இருவரும் அடித்தார்கள். கீழிருந்து வந்த பெருநெருப்பு கரிந்த தரையைத் தொட்டு, தின்ன எதுவுமின்றி அடங்கியது.

உள்ளே குழந்தைகள் இருமினார்கள். ராக்காயி தீப்பெட்டியைப் பார்த்தாள்.

"ஏன்டி, கீழ வச்சதும் நீதானா?"

"நாந்தான்கா."

மகளைத் தூக்க உள்ளே நுழையப் போனவளை ராக்காயி வாசலில் மறித்துக்கொண்டாள்.

"மொதல்ல போய்க் கையக் கழுவிட்டு வா. அப்பறந்தான் புள்ளையத் தருவேன்."

பேச்சியம்மா தண்ணீர் கொட்டும் பீலியடியில் கை கழுவினாள். சுலக்ஷனா "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பேச்சியம்மா இன்னும் கழுவிக்கொண்டிருந்தாள்.