கடைசிச் சுற்றில் எடுத்த ஆள்

பேகம்பூரில் எங்கள் அத்தாவுக்குத் தோல் மண்டி. ஆட்டுத் தோலுக்கு உப்புத் தடவி அடுக்கி வைத்து லாரியில் ஏற்றி அனுப்புவார். அவருக்கு நான் ஒரே பையன். அந்த வேலை மேல் எனக்கு வெறுப்பு ஒன்றும் கிடையாது. ஹாக்கி மேல் பைத்தியம், அவ்வளவுதான். ஊரே கிரிக்கெட் ஆடும்போது உனக்கென்ன ஹாக்கி என்று கேட்காத ஆள் எங்கள் தெருவில் இல்லை. பதில் சொல்லி மாளாமல் ஒரு கட்டத்தில் சிரித்துவிட்டுப் போக ஆரம்பித்தேன்.

எங்கள் பள்ளி மைதானம் சரளை மண். பந்து ஒழுங்காக வராது. கல்லில் பட்டுத் துள்ளும், முழங்காலைப் பதம் பார்க்கும். அதனால் பின்வரிசையில் தடுத்து ஆடுகிற எங்களுக்கெல்லாம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. பந்து எப்படியும் துள்ளும் என்று மட்டையைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கியே வைத்திருப்போம். மாவட்ட ஜூனியர் அணியில் எனக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது அந்தப் பழக்கம்தான். மாநில அணித் தேர்வில் காலை வாரிவிட்டதும் அதுதான்.

தேர்வு செயற்கைப் புல் மைதானத்தில் நடந்தது. அத்தாவும் கூட வந்திருந்தார். ஆட்டத்துக்கு முன்னால் மைதானம் முழுக்கத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த அத்தா எழுந்தே விட்டார்.

"ஏலே, அது பிளாஸ்டிக் புல்லுதான? அதுக்கு எதுக்குடா இம்புட்டுத் தண்ணி? நம்ம தெருவுல குழாயில தண்ணி வந்து எத்தன நாளாச்சு!"

"நனைஞ்சாத்தான் அத்தா பந்து வழுக்கிட்டு ஓடும்."

வழுக்கிக்கொண்டு ஓடத்தான் செய்தது. முதல் பந்து துள்ளவே இல்லை. தரையோடு தரையாக வந்து, தூக்கி வைத்திருந்த என் மட்டைக்கு அடியில் புகுந்து போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. குனி, மட்டையைக் கீழே போடு என்று மூளை கத்துகிறது, கை கேட்கவில்லை. தேர்வானவர்களில் என் பெயர் இல்லை. அவமானமாக இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் வடமதுரை தாண்டும்போது அத்தா என் பக்கம் திரும்பினார். அப்புறம் சொன்னார்:

"காலேஜ் முடியிற வருசம் வரைக்கும் ஆடு. அதுக்குள்ள ஒரு பெரிய டீமு உன்னைய எடுத்து, உள்ள எறக்கி ஆடவும் விட்டாச் சரி. இல்லையா, பேசாம மண்டிக்கு வந்துரு."

நியாயமான பேச்சு. கோபப்படக்கூட இடமில்லாத நியாயம் என்பதால் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

மண்டியில் லோடு ஏறிப் போனதும் சிமெண்டுத் தரையைக் கழுவிவிடுவது வழக்கம். அந்த வாரம் கழுவி முடித்த கையோடு அத்தா என்னைக் கூப்பிட்டனுப்பினார். மட்டையும் பந்தும் கொண்டு வரச் சொன்னார். போனால், உப்பு வாருகிற பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு கைலியை மடித்துக் கட்டி நிற்கிறார். பந்தைக் கீழே வைத்து ஓங்கி ஒரு அடி. ஈரத் தரையில் வழுக்கி வந்த பந்து என் மட்டைக்கு அடியில் நுழைந்து சுவரில் போய் முட்டியது.

"குனிடா. இன்னும் கீழ."

கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. பாதி ஆட்டங்களில் மாற்று ஆளாக உட்கார்ந்திருந்தேன். லீவுக்கு வந்தால் மண்டித் தரைதான் மைதானம். "பந்தாட்டம் ஆடுறது ரெண்டு பேரு, உப்பு நாத்தத்தோட பனியனத் தொவைக்கிறது நானு" என்று அம்மா இருவரையும் சேர்த்தே வைவார். கை மெல்ல மெல்லக் கீழே இறங்கப் பழகியது.

கடைசி வருடம் மாநில லீக் ஒன்றுக்கு வீரர்களை ஏலம் எடுத்தார்கள். நானும் பெயர் கொடுத்திருந்தேன். விடுதியில் நண்பனின் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். சுற்று மேல் சுற்றாகப் போனது. ஒட்டன்சத்திரம் சந்தையில் ஏலம் முடிந்த பிறகு மூலையில் கிடக்கும் கத்தரிக்காய்க் கூடை மாதிரிதான் என் நிலைமை. கடைசிச் சுற்றில் ஒரு அணிக்குத் தடுப்பாட்டக்காரர் ஒருவர் குறைந்தார். மிச்சம் இருந்தவர்களில் என்னை எடுத்தார்கள். நண்பர்கள் என்னைத் தூக்கிச் சுற்றினார்கள்.

"எடுத்துட்டாங்களா? நல்லது. ஆட விடட்டும்" என்றார் அத்தா போனில்.

விடவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் சீருடை மாட்டிக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். ஓடிக் களைத்து வருபவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டுவது என் வேலையானது. சிரித்த முகத்துடன்தான் நீட்டினேன், உள்ளே எரிந்துகொண்டிருந்தது. கடைசி ஆட்டம் வந்தபோது எங்கள் அணி அரையிறுதிக்குப் போக வழியே இல்லை. அதில் எங்கள் தடுப்பாட்டக்காரர் ஒருவருக்குத் தொடை பிடித்துக்கொண்டது. பயிற்சியாளர் திரும்பி என்னைப் பார்த்து, போ என்று கை காட்டினார்.

போன கொஞ்ச நேரத்திலேயே ஒரு பந்து வேகமாகத் தரையோடு வந்தது. நான் யோசிக்கவில்லை. முழங்கால் மடங்கி, மட்டை தரையில் படுத்திருந்தது. பந்து அதில் மோதி அப்படியே நின்றது. பெரிய சாகசமில்லை, யாரும் கைதட்டவும் இல்லை. ஆனால் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதன்பின் வந்தவற்றில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் நிறுத்தினேன். தவறிய அந்த ஒன்று கோலாகி, தோற்றோம்.

உடை மாற்றும் அறையிலிருந்து அத்தாவுக்குப் போன் போட்டேன். மண்டியில் எல்லோருமாக உட்கார்ந்து செல்போனில் பார்த்திருக்கிறார்கள்.

"அடுத்த ஆட்டம் எப்ப?" என்றார்.

"இனிமே இல்லத்தா. எங்க டீம் வெளிய போயிருச்சு. அடுத்த வருசம் கூப்பிடுவாங்களான்னும் தெரியாது. நான் ஊருக்கு வந்து மண்டியப் பாத்துக்கிறேன்."

"இங்க உனக்கு வேலை இல்ல. வேடசந்தூர்ல மில்லுல இருந்த ஆளு ஒருத்தரு நாளையிலருந்து வாராரு. உன் இடத்துக்கு அவரப் போட்டாச்சு."

"எப்பத்தா?"

"நீ உள்ள எறங்குனேல, அப்பவே சொல்லிவிட்டுட்டேன்."

போனை வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன். தோற்றதற்கு அழுகிறேன் என்று நினைத்து, கூட ஆடியவர்கள் ஒவ்வொருவராக வந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.