ரஸ்க்கின் நகமும் எஞ்சினியரின் பெருவிரலும்

சமீபத்தில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு டூல்பாக்ஸ் மீட்டிங் நடந்தது.

கப்பல்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன் — கப்பலில் எந்த வேலையைத் தொடங்கினாலும், அதற்கு முன் எல்லோரையும் சுற்றி நிற்க வைத்து, என்ன வேலை, எதில் ஆபத்து, யார் எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு குட்டிப் பிரசங்கம் நடக்கும். என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் செகண்ட் எஞ்சினியர். லீவில் வந்தால் எங்கள் வீட்டு மிக்ஸியைத் திறப்பதற்கு முன்பும் இந்தப் பிரசங்கம் உண்டு. அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் சட்னி அரைக்க முடியும்.

அன்றைய வேலை... நாய்க்கு நகம் வெட்டுவது!

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் நானும் ரஸ்க்கும்தான். ரஸ்க் எங்கள் நாய். நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். வெளிநாட்டு ஜாதியெல்லாம் இல்லை, அசல் நாட்டு நாய். இவர் கப்பலில் போடும் பாய்லர் சூட், கையுறை, கண்ணாடி சகிதம் நின்று பேசி முடித்து, "எனி கொஸ்டின்ஸ்?" என்றார். ரஸ்க் கொட்டாவி விட்டது.

நான்தான் கேட்டேன். "ஏங்க, நாய் நகத்துக்கு எதுக்கு கண்ணாடி?"

"ஏளா, நகம் தெறிச்சுக் கண்ணுல பட்டா என்ன செய்வ? சேஃப்டி முக்கியம்லா."

சரி என்று என்னுடைய 'ஸ்டேஷனில்' போய் நின்றேன். அவித்த சாளை மீன் துண்டுகளைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, நகத்துக்கு ஒரு துண்டு என்று ரஸ்க்குக்கு ஊட்டுவது என் வேலை.

இதில் நகத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு கதை புரியாது.

ரஸ்க் எங்கள் வீட்டுக்கு வந்தபோது இவர் கடலில் இருந்தார். வீடியோ காலில்தான் அறிமுகம். போனில் இவர் "குட்டீ..." என்று இழுப்பார், அது தலையைச் சாய்த்துப் பார்க்கும், இவர் உருகிப் போவார். லீவில் நேரில் வந்து டாக்ஸியிலிருந்து இறங்கினாரா... தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி குரைத்து வைத்தது. பெட்டி உள்ளே வந்தபோதும் குரைத்தது. பெட்டியில் இருந்து வந்த சாக்லேட்டை நான் தின்றபோது மட்டும் குரைக்கவில்லை.

இவர் சோபாவில் உட்கார்ந்தால் உறுமும். குசினிக்குள் வந்து தண்ணீர் குடித்தால் வாசலில் நின்று கண்காணிக்கும். என் பக்கத்தில் உட்கார்ந்தால் நடுவில் வந்து படுத்துக்கொள்ளும், முகம் என் பக்கம், வால் இவர் பக்கம்.

"பாத்தியாளா, என் வீட்டுல எனக்கே விசா கேக்குது" என்று முதல் நாள் சிரித்தார். அடுத்த வாரம் அதையே சொன்னபோது சிரிக்கவில்லை.

எங்கள் மொட்டை மாடியில் நின்றால் துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். இத்தனை வருஷத்தில் இவருடைய கப்பல் ஒன்றுகூட அந்தத் துறைமுகத்துக்கு வந்ததில்லை. உலகத்தில் வேறு எல்லா ஊருக்கும் போவார். ஈஸ்டர் முடிந்ததும் மறுபடியும் கிளம்ப வேண்டும். "அதுக்குள்ள ஒரு தடவையாவது அது எங்கிட்ட தானா வந்து படுக்கணும்ளா. இல்லாட்டா அடுத்த லீவுக்கும் விருந்தாளியாத்தான் வரணும்" என்றார் ஒரு நாள். எனக்குப் பாவமாக இருந்தது. கேலி செய்ய வாய் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நிலைமையில்தான் கால்நடை டாக்டர் ரஸ்க்கின் நகத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

எங்கள் வீட்டில் டைல்ஸ். ரஸ்க் நடந்தால் ஹை ஹீல்ஸ் போட்ட கல்யாணப் பெண் நடப்பது மாதிரி டக் டக்கென்று சத்தம் வரும். நான் அதை ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "அது ஸ்டைல் இல்லம்மா, நகம் வளந்துட்டுன்னு அர்த்தம்" என்றார் டாக்டர். பீச் ரோட்டில் திரியும் நாய்களுக்கு யார் நகம் வெட்டிவிடுகிறார்கள் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவற்றுக்கு ரோடே அரம். வழவழப்பான தரையில் வளரும் நாய்க்கு நகம் தேயாது. அதிலும் முன்காலில் உள்பக்கமாக, கொஞ்சம் மேலே, கட்டைவிரல் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அது தரையிலேயே படாது. விட்டால் வளைந்து வளைந்து சதைக்குள்ளேயே குத்திவிடும். ரஸ்க்குக்குக் கிட்டத்தட்ட அந்த நிலைமை.

டாக்டர் அதை வெட்டிவிட்டு, "மத்ததை வீட்டுலயே கொஞ்சம் கொஞ்சமா வெட்டுங்க. தெனமும் காலைத் தொட்டுத் தொட்டுப் பழக்குங்க. ஒரு நாளைக்கு ஒரு நகம் வெட்டுனாப் போதும்" என்றார்.

இவர் முகத்தில் பிரகாசம். "பழக்கணும்னா நான்தாம்ளா பழக்கணும். எவன் காலைப் புடிக்கானோ அவன்கிட்டதான் நம்பிக்கை வரும்." எஞ்சின் ரூமில் பிஸ்டன் ரிங் மாற்றுகிறவருக்கு நாய் நகம் ஒரு விஷயமா?

ஒரு வாரம் ஒழுங்காகத்தான் நடந்தது. பாதத்தைத் தொடுவார், மீன் கொடுப்பேன். அழுத்துவார், மீன் கொடுப்பேன். ரஸ்க் மீனைப் பார்த்துக்கொண்டே காலை இவரிடம் விட்டுவைத்தது. உறுமல்கூடக் குறைந்திருந்தது. அதற்கப்புறம்தான் அந்த டூல்பாக்ஸ் மீட்டிங்.

ரஸ்க்குக்குச் சில நகம் வெள்ளை, சில நகம் கறுப்பு. வெள்ளை நகத்தின் பின்னால் டார்ச் அடித்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியும். ரத்தக்குழாயும் நரம்பும் அதில்தான் ஓடுகின்றன. அதைத் தொடாமல் முன்னால் வெட்டிவிட வேண்டும். இவர் டார்ச் அடித்தார், பார்த்தார், நறுக்கென்று வெட்டினார். ரஸ்க் மீனைத் தின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கறுப்பு நகத்தில் அந்தக் கோடு தெரியாது. அதனால்தான் அதை மெல்லிசாகச் சீவிச் சீவிப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். வெட்டிய இடத்தின் நடுவில் ஒரு புள்ளி தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும்.

எங்கள் எஞ்சினியர் என்ன செய்தார் தெரியுமா? பையிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்தார்! வெள்ளை நகத்தில் அந்தக் கோடு எங்கே முடிகிறது என்று அளந்தார். அதே அளவைக் கறுப்பு நகத்தில் குறித்தார்.

"ஏங்க, சீவித்தானே பாக்கச் சொன்னாரு?"

"ஏளா, ஒரே மேக், ஒரே மாடல். அளவு எப்படி மாறும்?"

நறுக்.

ரஸ்க் போட்ட சத்தத்தில் மீன் கிண்ணம் என் கையிலிருந்து விழுந்தது. டைல்ஸ் எல்லாம் சொட்டுச் சொட்டாக ரத்தம். நான் குசினிக்கு ஓடி கார்ன் ஃப்ளார் மாவை அள்ளி வந்து நகத்தில் வைத்து அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றுவிட்டது. பெரிய காயம் ஒன்றும் இல்லை. ஆனால் ரஸ்க் இவரை ஒரு பார்வை பார்த்தது. நேரே கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

இவர் பாய்லர் சூட்டோடு தரையில் உட்கார்ந்திருந்தார். "போச்சுளா" என்றார். அவ்வளவுதான். காலிப்பரைத் துடைத்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் உறுமல்கூட இல்லை. இவர் ஹாலுக்குள் வந்தால் ரஸ்க் முன்கால் இரண்டையும் வயிற்றுக்கு அடியில் மடித்து ஒளித்துக்கொள்ளும். இவர் டீ ஆற்றும்போது ஸ்பூன் கிளிங் என்றால் போதும், கட்டிலுக்கு அடியில் ஓட்டம். சமாதானத் தூதாக மீன் போனது, அவித்த முட்டை போனது, ஒரு தடவை மக்ரூன்கூடப் போனது. நாய்க்கு இனிப்பு ஆகாது என்பதால் அதை மட்டும் நான் வழிமறித்துத் தின்றுவிட்டேன். நாயின் நலன்தான் எனக்கு முக்கியம்.

ஈஸ்டருக்கு முந்தைய தவசுக்காலம் கடைசி வாரத்துக்கு வந்துவிட்டது. லீவும்தான்.

அப்போது கோவில் வேலைகளைக் கவனிக்கும் உபதேசியார் போன் செய்தார். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்று, இயேசு சீடர்களின் காலைக் கழுவியதன் நினைவாக, மாதா கோவிலில் பன்னிரண்டு பேரை வரிசையாக உட்கார வைத்து, பங்குச் சாமியார் மண்டியிட்டு அவர்கள் பாதத்தைக் கழுவுவார். "ஒரு ஆளு கடல் தொழிலுக்குப் போயிட்டாரு அண்ணாச்சி. நீங்கதான் ஊர்ல இருக்கியள்லா, வாரியளா?"

இவர் உடனே சரி சொல்லிவிட்டார். பகீரென்றது எனக்குத்தான்.

ஏன் என்று எங்கள் ஊர்ப் பெண்களைக் கேளுங்கள். சாமியார் கழுவப்போகிற காலை, அதற்கு முன்பே வீட்டில் கழுவி, தேய்த்து, நகம் வெட்டி, எண்ணெய் தடவி அனுப்புவதுதான் வழக்கம். அழுக்குக் காலைக் கொண்டுபோய் அவர் முன்னால் நீட்ட முடியுமா? பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் செபம் சொல்கிறார்களோ இல்லையோ, எந்தக் கால் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுவார்கள். போன வருஷம் ஒருவருடைய குதிகால் வெடிப்பைப் பற்றி ஈஸ்டர் பலகாரம் தீரும்வரை பேசினோம். பேசியதில் நானும் உண்டு. கால் ஆணுடையது, பேச்சு வாங்குவது அவன் பெண்டாட்டி.

இவருடைய கால் எப்படி இருக்கும்? வருஷக்கணக்காக சேஃப்டி ஷூவுக்குள் வெந்த கால். பெருவிரல் நகம் மஞ்சளாகத் தடித்து, ஓரம் சதைக்குள் இறங்கிக் கிடந்தது. யாரையும் தொடவிட மாட்டார். "அது பாட்டுக்குக் கெடக்கட்டும்ளா" என்பார்.

நான் விடவில்லை. புதன்கிழமை மத்தியானம் ஒரு பேசினில் வெந்நீர், அதில் ஒரு கை கல்லுப்பு. ஊர் முழுக்க உப்பளம், உப்புக்கா பஞ்சம்? காலை ஊற வைத்தேன். நகவெட்டியும் டார்ச்சுமாக எதிரில் உட்கார்ந்தேன்.

"வேலை என்னன்னா நகம் வெட்டுறது. ஆபத்து, நீங்க காலை இழுத்தா உண்டு. எனி கொஸ்டின்ஸ்?"

"ஏளா, மெதுவா... அந்த ஓரத்தை மட்டும் விட்டிரு."

"அந்த ஓரம்தான் சாமியார் கண்ணுல படும். நீட்டுங்க."

நீட்டினார். நான் தொட்டதும் இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார், மறுபடி இழுத்துக்கொண்டார். புயலில் எஞ்சின் நின்றபோதுகூடப் பயப்படாதவராம். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, சோபாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மூக்கு வெளியே வந்தது. நான் கவனிக்காத மாதிரி ஓரத்து நகத்தை நகவெட்டியில் கவ்வினேன்.

நறுக்.

"யம்மா! மாதாவே!"

உண்மையிலேயே கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டது. ஒரு பொட்டு ரத்தம். நான் பதறிப்போய்ப் பஞ்சை எடுப்பதற்குள் டக் டக் டக் என்று ஒரு ஓட்டம்... ரஸ்க்! எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்று உறுமியது. யாரைப் பார்த்து? என்னைப் பார்த்து! தினமும் சோறு போடுகிற என்னைப் பார்த்து, பல்லைக் காட்டி!

நகவெட்டியைக் கீழே வைத்தேன். அப்போதும் நம்பாமல் என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இவருடைய பெருவிரலை நக்கியது. நக்கி முடித்து, ஈரக் காலின் மேல் தாடையை வைத்துப் படுத்துவிட்டது. ஒரு பெருமூச்சு வேறு.

இவர் அசையவில்லை. கொசு கடித்தும் அசையவில்லை. "ஏளா... படுத்துட்டு பாரு" என்று ரகசியம் மாதிரி சொன்னார். கண் கலங்கியிருந்தது. நகம் வலித்ததால் என்று பிறகு சொன்னார். நானும் நம்பினேன். என் கண்ணும் கலங்கியிருந்ததே, எனக்கு எந்த நகம் வலித்தது?

யோசித்துப் பார்த்தால் நாமும் அப்படித்தானே? நல்லது செய்கிறேன் என்று கத்தரியோடு வருபவரைக் கும்பிட்டு வைப்போம். ஆனால் ஒட்டிக்கொள்வது என்னவோ, அதே கத்தரியிடம் மாட்டி அலறியவரிடம்தான். ஒரே மாமியாரிடம் மாட்டிய இரண்டு மருமகள்களைப் பாருங்கள், கூடப் பிறந்தவர்கள் தோற்றுப்போவார்கள்.

பெரிய வியாழன் ஒரு வழியாக முடிந்தது. எங்கள் கோவிலில் வலது காலை மட்டும்தான் கழுவுவார்கள். என்னால் வெட்டி முடிக்க முடிந்ததும் அந்தக் காலை மட்டும்தான். இடது காலில் நான் கை வைக்க ரஸ்க் அனுமதிக்கவில்லை. பேச்சு வாங்காமல் தப்பித்தேன்.

ஈஸ்டருக்கு மறுநாள் காலையில் இவர் தரையில் உட்கார்ந்து கையை நீட்டினார். பாய்லர் சூட் இல்லை, காலிப்பர் இல்லை, பிரசங்கமும் இல்லை. ரஸ்க் ரொம்ப நேரம் யோசித்தது. பிறகு காலைத் தூக்கி இவர் உள்ளங்கையில் வைத்தது. கறுப்பு நகத்தில் மெல்லிசாக ஒரு சீவல், அப்புறம் இன்னொரு சீவல். நடுவில் புள்ளி தெரிந்ததும் நிறுத்தினார். அன்றைக்கு அந்த ஒரு நகம் மட்டும்தான். இப்போது தினமும் காலையில் ஒன்று வெட்டுகிறார். என்னிடம் காலைக் காட்டச் சொன்னால் ரஸ்க் எழுந்து போய்விடுகிறது.

நேற்று கம்பெனியிலிருந்து போன். கப்பல் ரெடி, எப்போது வந்து சேர்கிறீர்கள் என்று கேட்டார்கள். இவர் காலடியில் படுத்திருந்த ரஸ்க்கை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஒரு ரெண்டு வாரம் தள்ளிப் போட முடியுமா சார்? வீட்டுல முக்கியமான வேலை ஒண்ணு பாதியில நிக்கி" என்றார்.

கல்யாணமான புதிதில்கூட இந்த மனுஷன் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை!