பேண்டுக்கு மார்க் போடும் பெரியோர்கள்

பேண்டு வாசிப்பதில் ஒரு சிரமமும் இல்லை. வாசித்ததற்கு மார்க் போட நாலு பேர் நாற்காலி போட்டு உட்காரும்போதுதான் எல்லாச் சிரமமும் தொடங்குகிறது.

நான் இலுப்பூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியர். தமிழாசிரியருக்கும் பேண்டுக்கும் என்ன உறவு என்று கேட்கிறவர்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்காதவர்கள். பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஆசிரியர் கூட்டத்தில் யார் முதலில் தலையை நிமிர்த்துகிறாரோ அவர்தான் பொறுப்பாசிரியர். பசுமைப் படைக்கும் சாலைப் பாதுகாப்புக்கும் பொறுப்பேற்று அல்லல்படும் அன்பர்கள் இதைப் படித்து ஆறுதல் கொள்ளலாம்.

எங்கள் தலைமையாசிரியை கணக்கு டீச்சராக இருந்து உயர்ந்தவர். எதற்கும் விடை வேண்டும் அவருக்கு. இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் என்னைக் கூப்பிட்டு, "வருஷா வருஷம் போட்டிக்குப் போறீங்க, சார். இந்த வருஷம் ஒண்ணுலயாவது முதல் மூணு இடத்துக்குள்ள வரணும். இல்லைன்னா பேண்டு பீரியடை ஸ்பெஷல் கிளாஸுக்குக் குடுத்துருவேன்" என்றார். பீரியட் போனால் பேண்டு போயிற்று. பேண்டில் இருப்பவர்களோ, வகுப்பில் எங்கேயும் முன்னால் நின்று பழகாத பிள்ளைகள். குமிழ் வைத்த நீளமான மேஸ் கோலைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடக்கும் காவ்யாவே, வகுப்பில் 'உள்ளேன் ஐயா' சொல்வது எனக்குக் கேட்காது. நிபந்தனையைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "மூணாவது எடம் போதுமா சார்? மொத எடம்னு சொல்லிட்டாங்களோன்னு பயந்துட்டேன்."

கழித்தல் கட்சி

முதல் போட்டி புதுக்கோட்டையில். நடுவர், ராணுவ பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். மீசையும் முதுகும் இன்னும் ஓய்வு பெறவில்லை. அவருடைய முறை எளிது: களத்தில் இறங்கும்போது எல்லோருக்கும் நூறு மார்க். அதன்பிறகு கழித்தல் மட்டும்தான். எவ்வளவு அழகாக வாசித்தாலும் நூற்றொன்று ஆகாது. குறை இல்லாததே நிறை என்பது அவர் கட்சி. இலக்கணம் படித்தவன் என்பதால் எனக்கு அதில் ஓர் இரகசிய மரியாதை உண்டு.

எங்கள் பிள்ளைகளின் தாளம் அன்று அசையவில்லை. ஆனால் ஒருத்தியின் காலுறை இறங்கியிருந்தது, வெட்டு. ஒருத்தி மல்லிகைப்பூ வைத்திருந்தாள், வெட்டு. புல்லாங்குழல் வரிசையில் ஒரு பிள்ளை தன் அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டது, பெரிய வெட்டு. ஐந்தாம் இடத்தோடு பஸ் ஏறினோம். பாதி வழி தாண்டிய நேரத்தில், பெரிய டிரம் அடிக்கும் சரண்யா பின் சீட்டிலிருந்து கேட்டாள்: "சார், அவரு வீட்டம்மா வச்ச கொழம்புக்கு எத்தன மார்க் போடுவாரு?"

கூட்டல் கட்சி

அடுத்தது விராலிமலைப் பக்கம் ஒரு கல்லூரியில். இங்கே நடுவர்கள் எதிர்க்கட்சி. எல்லோரும் பூஜ்யத்தில் தொடங்குவார்கள். நல்லது கண்ட இடத்திலெல்லாம் கூட்டிக்கொண்டே போவார்கள். காலுறை எங்கே இறங்கினாலும் கவலையில்லை. 'கற்பனை', 'காட்சியமைப்பு', 'பார்வையாளர் ஈர்ப்பு' என்று தனித்தனிக் கட்டங்கள்.

அடடா, நமக்கேற்ற இடம் என்று நினைத்தேன். எங்களுக்கு முன்னால் வந்த பள்ளி, வாசித்துக்கொண்டே தோகை விரித்த மயிலாக மாறியது. மலைப்பக்கம் இருந்த நிஜ மயில் ஒன்று அகவியது. அதற்கும் சேர்த்துக் கைதட்டல். பிறகு நாங்கள் போனோம். நேராகப் போய், நேராகத் திரும்பி, நேராக வந்தோம். ஒரு நடுவர் ஒலிபெருக்கியில், "இவர்களிடம் ஓர் அடக்கம் இருக்கிறது" என்று பாராட்டினார். அடக்கத்துக்குக் கட்டம் இல்லை. நான்காம் இடம். உடற்கல்வி ஆசிரியை மலர்க்கொடி தண்ணீர்க் கேனை மூடிக்கொண்டே சொன்னார்: "நம்ம பிள்ளைகளுக்கு நேரா நடக்கச் சொல்லிக் குடுத்தது நான்தான் சார். தப்புப் பண்ணிட்டேனோ?"

எல்லோருக்கும் 'அ'

நடுவில் ஒரு கலைவிழா. அங்கே இடமே கிடையாது, தரம் மட்டும்தான். ஒரு பேண்டை இன்னொரு பேண்டோடு ஒப்பிடுவது கலைக்கு இழுக்கு என்பது அமைப்பாளர்களின் கொள்கை. அமெரிக்காவிலும் சில இடங்களில் இப்படித்தான் என்று படித்திருக்கிறேன். வந்த எல்லாப் பள்ளிக்கும் 'அ' தரம் கொடுத்து, எலுமிச்சைச் சாதமும் கொடுத்து அனுப்பினார்கள். பிள்ளைகள் சான்றிதழை மாறி மாறித் தொட்டுப் பார்த்தார்கள்.

நான் அதைத் தலைமையாசிரியையின் மேசையில் வைத்து, 'அ' என்பது எழுத்துகளில் முதலாவது, ஆகவே இதை முதல் இடம் என்றே கொள்ளலாம் என்று ஒரு சிறு உரை ஆற்றினேன். அவர் கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டார்: "எத்தனை ஸ்கூல் சார் 'ஆ' வாங்குச்சு?"

நடுவருக்குக் கூடாரம்

தோல்வி என்னைப் படிப்பில் கொண்டுபோய் விட்டது. இங்கிலாந்தில் சில பேண்டுப் போட்டிகளில் நடுவரைக் கூடாரத்துக்குள் வைத்து மூடிவிடுவார்களாம். எந்த பேண்டு வாசிக்கிறது என்று அவர் பார்க்கக் கூடாது; காதுக்கு மட்டுமே வேலை. காலுறையும் மயிலும் ஒரே அடியில் ஒழிந்தன. அறிவின் உச்சம் இதுவே என்று ஆசிரியர் அறையில் அரை மணி நேரம் விளக்கினேன். மலர்க்கொடி டீச்சர் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டு, "நம்ம ஊரு வெயில்ல அடைச்சு வச்சா மொத பேண்டுக்கே மயங்கிருவாரு சார். அப்பறம் அவரத் தூக்கிட்டு ஓடுறதுக்கும் நம்மளத்தான் பொறுப்பாப் போடுவாங்க" என்றார்.

அரிமளம் கடைத்தெரு

கடைசி வாய்ப்பு அரிமளத்தில். இது மைதானப் போட்டி அல்ல. தெருவில் அணிவகுத்துப் போக வேண்டும், வழியில் மூன்று இடங்களில் நடுவர்கள். நடுவில் உட்கார்ந்திருந்தவர் நம் கழித்தல் கட்சிக்காரர். விதி ஒன்றுதான் முக்கியம்: தொடக்கக் கோட்டிலிருந்து முடிவுக் கோடு வரை இசை நிற்கக் கூடாது. நின்றால் பத்து மார்க் போகும்.

பாதித் தெருவில், அந்த ராணுவ நடுவருக்குச் சற்று முன்னால், ஒரு வீட்டு வாசலில் ஷாமியானா. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பெண்களின் அழுகுரல். அன்று காலைதான் இறப்பு. போட்டியை நிறுத்த வேண்டாம் என்று அந்த வீட்டார் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்களாம். முன்னால் போன பள்ளிகள் வாசித்துக்கொண்டேதான் கடந்தன. விதி அப்படி.

எங்கள் பிள்ளைகள் அன்று பிரமாதமாக வாசித்தார்கள். முதல் நடுவர் தலையாட்டியதை நானே பார்த்தேன். மூன்றாம் இடமென்ன, இரண்டாம் இடமே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஷாமியானாவுக்குப் பத்தடி முன்னால் காவ்யா மேஸைக் குறுக்காகத் தலைக்கு மேல் தூக்கினாள். 'நிறுத்து' என்பதற்கான சைகை. சரண்யாவின் கை அந்தரத்தில் நின்றது. எல்லாம் அடங்கியது. எங்கள் பக்கம் துக்க வீட்டைக் கடக்கும்போது கல்யாண மேளம்கூட நின்றுதான் போகும். (துக்க வீட்டிலேயே மேளம் அடிப்பார்களே என்று கேட்கும் நண்பருக்கு: அது அவர்களுடைய மேளம், இது நம்முடையது.) காலடியோசை மட்டும், அதுவும் மெதுவாக, வரிசை கலையாமல் போயிற்று. நாற்காலியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். வீடு தாண்டியதும் மேஸ் இறங்கியது. சரியாக இடது காலில் தாளம் மறுபடி தொடங்கியது.

நான்காம் இடம். முடிவு அறிவித்த பிறகு ராணுவக்காரர் எங்களிடம் நடந்து வந்தார். பிள்ளைகள் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அவர் காவ்யாவின் முன்னால் நின்றார். "பத்து மார்க் வெட்டிருக்கேன்த்தா. ரூல் ரூல்தான், அதுல மாத்தம் இல்ல. ஆனா நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா, என் தெரு வழியா நீங்கதான் போகணும்."

விடைத்தாள்

திங்கட்கிழமை நானும் காவ்யாவும் தலைமையாசிரியை முன் நின்றோம். நான் விதிகளின் வரலாற்றில் தொடங்கினேன். அவர் கை காட்டி என்னை நிறுத்திவிட்டு அவளிடம் கேட்டார்.

"நிறுத்துனா மார்க் போகும்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் டீச்சர்."

"பேண்டும் போயிரும்னு?"

"அதுவும் தெரியும் டீச்சர்." அவளுடைய குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"சார் நிறுத்தச் சொன்னாரா?"

"இல்ல டீச்சர். உள்ள அழுதுக்கிட்டு இருந்தாங்க. அதுக்கு மேல எப்பிடி டீச்சர் அடிக்கிறது?"

தலைமையாசிரியை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மேசையில் இருந்த கால அட்டவணையை எடுத்து, பேண்டு பீரியடை அடித்து, 'சிறப்பு வகுப்பு' என்று அழுத்தி எழுதினார். காவ்யா தலையைக் குனிந்தாள். நாங்கள் வாசலுக்குப் போனபோது அவர் குரல் பின்னால் வந்தது: "சார், ஸ்பெஷல் கிளாஸ் நாலரைக்கு முடிஞ்சிரும். அதுக்கப்பறம் கிரவுண்டுல ஏதாவது சத்தம் கேட்டுச்சுன்னா, எனக்குக் காது கொஞ்சம் மந்தம்னு வச்சுக்கங்க."

அன்பர்களே, கழித்தும் கூட்டியும் தரம் பிரித்தும் கூடாரத்துக்குள் உட்கார்ந்தும் மார்க் போட ஆளிருக்கிற இந்த உலகத்தில், வாசிக்காமல் விட்டதற்கு ஒரு கட்டம் போட யாருக்காவது தோன்றும்வரை, நாங்கள் நான்காம் இடத்தில் சௌக்கியமாகவே இருப்போம்.