வேன் வரும் நாளில் வீட்டிலிருந்த பிள்ளை

“நாளைக்கு மெடிக்கல் டீம் வருது. சென்டர் பளிச்சுன்னு இருக்கணும். போன தடவ மாதிரி ஒண்ணு அழுதுக்கிட்டு ஒண்ணு ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னா நான் பொறுப்பில்ல, சொல்லிட்டேன்.” சூப்பர்வைசர் மேடம் போனை வைத்துவிட்டார்.

நான் அங்கன்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து மையம். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்கள், உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்றார்கள். என் பெருமையை எதிர்பார்த்திருப்பார்கள். அதற்குத்தான் ஆண்டு விழாக்கள் இருக்கின்றனவே.

அலங்காரம்

சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சியில் ஏதாவது குறை இருந்தால் சீக்கிரமே கண்டுபிடிக்கத்தான் அந்த டீம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வேனில் வரும். எங்களுக்கு அது இன்ஸ்பெக்‌ஷன். தரையைக் கழுவுவோம், கோலம் போடுவோம், பிள்ளைகளுக்குப் பவுடர் அப்பி ரைம்ஸ் பழக்குவோம். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக்கூட அவ்வளவு ஏற்பாடு நடக்காது.

இர்ஃபானை வைத்துக்கொண்டு ரைம்ஸ் நடத்த முடியாது. அப்போது அவனுக்கு இரண்டரை வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். சாப்பாட்டுத் தட்டுகளைச் சுவரோரம் வரிசையாக வைப்பான். ஒன்றை நகர்த்தினால் தலையைத் தரையில் மோதிக்கொண்டு கத்துவான். வாயில் ஒரு வார்த்தை கிடையாது. தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்துப் பானைக்கு இழுத்துப் போவான்.

அன்று சாயங்காலம் அவன் அம்மா ரெஹானாவிடம், “நாளைக்குத் தம்பிய அனுப்ப வேணாம்மா. ஊசி, டாக்டர், கூட்டம்னு இருக்கும், பயந்துடுவான்” என்றேன்.

“சரிங்க டீச்சர். நீங்களாவது அவன் மனசப் புரிஞ்சுக்கிறீங்களே” என்றாள்.

ரெஜிஸ்டரில் ‘காய்ச்சல்’ என்று எழுதினேன். ஆறு மாதம் கழித்து வேன் வந்தபோதும் அதையே சொன்னேன், அதையே எழுதினேன். புதிதாக ஒரு பொய் யோசிக்கக்கூட எனக்குச் சோம்பல்.

ஆளுக்கொரு டாக்டர்

இதற்கு நடுவில் ரெஹானா பதில் தேடி அலைந்துகொண்டிருந்தாள். கணவர் ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது இவள் ஒருத்திதான்.

மாமியார் சொன்னார்: “இவன் அத்தாவே நாலு வயசுலதான் வாயத் தொறந்தான். இப்ப போன்ல பேச ஆரம்பிச்சா வைக்கிறானான்னு பாரு.” பக்கத்து வீட்டுக்காரி வசம்பைச் சுட்டு நாக்கில் தடவச் சொன்னாள். இன்னொருத்தி, நாக்குக்கு அடியில் ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் போதும் என்றாள். தான் சாப்பிடும் தைராய்டு மாத்திரையின் பெயரையே தப்பாகச் சொல்கிறவள் அவள். கும்பகோணத்தில் ஒரு டாக்டர், பிள்ளைக்கு செல்போன் கொடுக்காதீர்கள் என்றார். சொல்லும்போது தன் செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். திருச்சியில் ஒருவர் மூளைக்கு டானிக் எழுதினார். தர்காவில் தாயத்து கட்டினார்கள்.

எல்லோரையும் கேலி செய்கிறேனே, நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஆம்பளப் புள்ளைங்க லேட்டாத்தாம்மா பேசும்.” டிரெய்னிங்கில் இதற்கென்று ஒரு புத்தகம் கொடுத்திருந்தார்கள். பிள்ளை எந்த வயதில் என்னென்ன செய்ய வேண்டும் என்று படம் போட்டு இருக்கும். பீரோ ஆடாமல் இருக்க அதை அடியில் கொடுத்திருந்தேன்.

கடைசியில் தஞ்சாவூரில் ஒரு காது டாக்டர், காது நன்றாகக் கேட்கிறது, பிரச்சினை வேறு என்று சொல்லி, குழந்தை வளர்ச்சிக்கென்று இருக்கும் அரசு மையத்துக்கு அனுப்பினார். அத்தனை பேரில் உருப்படியாக ஒரு வேலை செய்தவர் அவர்தான். அங்கே ஒரு தெரபிஸ்ட் பெண் தரையில் உட்கார்ந்து இர்ஃபானோடு ஒரு மணி நேரம் விளையாடியிருக்கிறாள். பிறகு அங்கிருந்த டாக்டர், ஆட்டிசம் என்று சொல்லியிருக்கிறார். இன்னும் முன்னாலேயே பயிற்சி தொடங்கியிருந்தால் நல்லது என்றும் சொல்லியிருக்கிறார்.

வாசலில்

மறுநாள் ரெஹானா மையத்துக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

“அந்த வேன்ல வர்றவங்க எதுக்கு வர்றாங்க டீச்சர்?”

“புள்ளைங்கள செக் பண்ண.”

“என்ன செக்?”

“வெயிட்டு, ஹைட்டு, பல்லு…”

“பேச்சு வருதான்னும் பாப்பாங்களா?”

அடுப்பைப் பார் என்று ஆயாவை அதட்டினேன். ஆயா நகரவில்லை. “பாப்பாங்க” என்றேன்.

“ரெண்டு தடவ வந்தாங்க. ரெண்டு தடவயும் அவன வேணாம்னீங்க. புள்ள பயப்படும்னு சொன்னதும், உங்களுக்கு நல்ல மனசுன்னு நெனச்சேன். நான் ஊர் ஊரா அலைஞ்சேன் டீச்சர். விஷயம் தெரிஞ்சவங்க இந்த வாசலுக்கே வந்துட்டுப் போயிருக்காங்க.”

என் வாய் சும்மா இருக்கவில்லை. “மேல இருந்து பிரஷர்ம்மா” என்றேன். என் சர்வீஸில் அவ்வளவு கேவலமான பேச்சை நான் பேசியதில்லை. அவள் என்னைத் திட்டக்கூட இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

அடுத்த தடவை வேன் வந்தது அறுவடை சமயம். ரோட்டில் நெல் காயப் போட்டிருந்ததால் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். இர்ஃபானை முதல் ஆளாக உட்கார வைத்தேன். எடை மிஷினை உதைத்தான், டாக்டரின் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்தான், ஊர் கூடும்படி கத்தினான். சூப்பர்வைசர் மேடம் என்னை ஓரமாக அழைத்து, “இன்னிக்குன்னு பாத்து இவன ஏன் வரவச்சீங்க? மானம் போவுது” என்றார்.

“இவனப் பாக்கத்தான் மேடம் அவங்க வர்றாங்க. ரைம்ஸ் கேக்க இல்ல.”

பெரிய வீராங்கனை மாதிரி சொல்லிவிட்டேன். அவனுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவனுடைய சிகிச்சை அவன் அம்மா அலைந்து கண்டுபிடித்தது. நான் பேசியது ஒரு வருஷம் லேட்.

இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான். சிறு சிறு வார்த்தைகள் வந்திருக்கின்றன. ஓய்வு பெற்றபின் தஞ்சாவூருக்குப் போயிருந்தபோது அந்தத் தெரபிஸ்டைப் பார்த்து, அந்த ஒரு வருஷம் வீணாகாமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாகப் பேசியிருப்பானா என்று கேட்டேன். அவள் ஒரு பிள்ளையின் கையில் பந்தைக் கொடுத்தபடியே சொன்னாள்: “இருக்கலாம். அத இப்பக் கேட்டு என்னங்க பண்ணப் போறீங்க?”

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களைத்தான், காலம் கடக்கும் முன்பே அதைக் கேட்கச் சொல்லியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மையத்திலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கும். வேன் வரும் நாளில் அதை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்ல உங்களுக்கும் வாய் வரும். அந்த ஒரு பிள்ளைக்காகத்தான் வேன் வருகிறது.